மூன்றாவது வரியை இரண்டு தடவை வாசித்த பிள்ளை

நீங்கள் எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் போன முதல் நாளே போட்டுக் காட்டியிருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கும், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்பிள்ளை, முன்பின் பார்த்திராத ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கி மடமடவென்று வாசிப்பாள். மூன்றாவது வரியை மட்டும் இரண்டு தடவை வாசிப்பாள். பயிற்சி நடத்துகிற கருத்தாளர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "பாருங்கள், பிள்ளை தன்னைத்தானே திருத்திக்கொள்கிறாள், பட்டறை முறை வகுப்பின் பலன் இதுதான்" என்று சொல்லியிருப்பார். நீங்களும் பவ்யமாகக் குறிப்பெடுத்திருப்பீர்கள்.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு வார்த்தைகூட வாசிக்கத் தெரியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அது என் பள்ளிக்கூடம். குலசேகரத்துக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் ரப்பர் மரம் நிற்கிற ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. நான் அங்கே தலைமையாசிரியை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று, இனி எனக்கு மெமோ கொடுக்க ஒருத்தராலும் முடியாது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறை முறை என்று வாய் நிறையச் சொல்கிறார்களே, அதில் சங்கதி கொஞ்சம்தான். டீச்சர் முதலில் எல்லாப் பிள்ளைகளையும் பாயில் கூட்டி ஒரே ஒரு காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு பிள்ளைகள் அவரவர் புத்தகத்தோடு, அல்லது அவரவர் கணக்கோடு உட்கார்ந்து தாங்களே வேலை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் டீச்சர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீ என்ன செய்கிறாய், எப்படிச் செய்கிறாய் என்று கேட்க வேண்டும். அதன் பிறகு அடுத்த பிள்ளை. கடைசியில் எல்லாரும் மறுபடி பாயில் கூடி, கண்டதைச் சொல்லிக்கொள்வது. வாசிப்புக்கும் இதுதான், கணக்குக்கும் இதுதான். இதில் உயிர் அந்த ஸ்டூலில் இருக்கிறது. மற்றதை எல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் வகுப்புக்குப் பிரீதா டீச்சர் புதிதாக வந்தபோது, நான் தச்சனிடம் சொல்லி அதற்கென்றே ஒரு குட்டி ஸ்டூல் செய்து கொடுத்தேன். அந்தம்மா அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடியைத் தூக்கி வைத்தாள்.

அந்த வகுப்பைப் பார்த்திருந்தால் நீங்கள் சொக்கிப் போயிருப்பீர்கள். தெர்மகோலில் மயில், சார்ட்டில் மேகம், மூலைக்கு மூலை வண்ணக் காகிதம். பாடம் மாறுவதற்கு ஒரு சின்ன மணி, அதற்கு ஒரு ரிப்பன். வாசிப்பு நேரத்தில் ஒரு சத்தம் கிடையாது. சாவு வீட்டில்கூட நாலு பேர் இருமுவார்கள், இங்கே அதுவும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும். பிரீதா டீச்சர் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உலாவுவாள். வருகிறவர்கள் எல்லாம் அடேயப்பா என்று செல்போனை எடுப்பார்கள். உங்களில் பாதிப் பேர் இன்றைக்கு இந்த உலாவலைத்தான் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். காலுக்கு நல்லதுதான், நடங்கள்.

சுவரில் இரண்டு ஏணி வரைந்திருந்தாள். ஒன்று வாசிப்பு ஏணி, மற்றது கணக்கு ஏணி. துணி காயப்போடுகிற கிளிப்பில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, முன்னேறுகிற பிள்ளையின் கிளிப்பை மேலே ஏற்றுவது. வாசிப்பு ஏணியின் உச்சியில் ஜெனிஷா. கணக்கு ஏணியின் கடைசிப் படியிலும் அதே ஜெனிஷா.

ஜெனிஷா அந்த ஜூனில்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். அவளுடைய அம்மைக்கு அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிற வேலை. கையெல்லாம் கறுத்துப் போயிருக்கும். பிள்ளையோ சபையில் சண்டே ஸ்கூல் பைபிள் வசனப் போட்டி என்றால் வருஷா வருஷம் முதல் பரிசு. சண்டே ஸ்கூல் டீச்சர் ஒரு தடவை சொன்னால் போதும், அதிகாரம் அதிகாரமாகத் திருப்பிச் சொல்லுவாள் என்று ஊரே பேசும். நம் பக்கத்து சபைகளில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. நடக்கத் தொடங்கின பிள்ளையை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி வசனம் சொல்ல வைக்கிற ஊர் நம்முடையது. இதைப் பெருமையாகச் சொல்லத் தெரிந்த ஒருத்தருக்கும், இந்தப் பிள்ளை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

எனக்கு அந்த இரண்டு கிளிப்பும் உறுத்தியது. நான் பிரீதா டீச்சரிடம் கேட்டேன். வாசிப்பில் கெட்டிக்காரி, கணக்கில் மந்தம், சில பிள்ளைகள் அப்படித்தான் என்று பயிற்சியில் சொன்னதை என்னிடம் ஒப்பித்தாள். பயிற்சியில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இல்லையா? நான் ரோஜா ஜாடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஜெனிஷாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அப்போது கணக்கு நேரம். ஆளுக்கொரு அட்டையில் கணக்கு எழுதியிருக்கும். எண்ணுவதற்குத் தட்டு நிறைய ரப்பர் கொட்டை. ஜெனிஷா கொட்டைகளை வட்டமாக அடுக்கிக்கொண்டு, அட்டையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை முணுமுணுவென்று தன் அட்டையைப் படித்து முடித்ததும் இவள் சட்டென்று விடையை எழுதினாள். விடை சரி. ஆனால் அது பக்கத்துப் பிள்ளையின் கணக்கு. இவள் அட்டையில் இருந்தது வேறு. பிரீதா டீச்சர் இத்தனை நாளும் அதற்குத் தப்புப் போட்டுப் போட்டுத்தான் கிளிப்பைக் கீழே இறக்கியிருக்கிறாள்.

நான் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயால் ஒரு கணக்குச் சொன்னேன். தக்கலையிலிருந்து பஸ் வருகிறது, உள்ளே முப்பத்திநாலு பேர். அழகியமண்டபத்தில் ஒன்பது பேர் இறங்கிப் பதினைந்து பேர் ஏறினார்கள். இப்போது எத்தனை பேர்?

கொட்டையைத் தொடவே இல்லை. "நாப்பது" என்றாள். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "கண்டக்டரையும் டிரைவரையும் சேக்கணுமா டீச்சர்?"

மந்தமாம். கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மணிக்கு வாசிப்பு. அவள் கையில் ஒரு நண்டு குடை வாங்கின கதை. போன வாரம் பிரீதா டீச்சர் பாயில் வைத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டிய புத்தகம். எனக்கு வாசி என்றேன். ராகம் போட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நண்டு பேசும் இடத்தில் குரலை மாற்றி வாசித்தாள். கேட்க அருமையாக இருந்தது. ஆனால் நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிப்போயிருந்தன. யாரோ பலாச்சக்கைப் பழம் தின்ற பிசின் கையோடு அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கிறார்கள். அவள் இரண்டையும் சேர்த்து ஒரே தாளாகத் திருப்பினாள். கதை மட்டும் ஒரு வரிகூட விட்டுப்போகாமல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நகத்தால் கிளறிப் பிரித்துப் பார்த்தேன். கண்ணால் பார்க்க வழியே இல்லாத அந்த இரண்டு பக்கங்களைத்தான் அவள் அப்போது வாசித்து முடித்திருந்தாள்.

புத்தகத்தில் குடை என்கிற வார்த்தையைத் தொட்டு, இது என்ன என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"மக்ளே, உனக்கு வாசிக்கத் தெரியாதா?"

"தெரியாது டீச்சர்."

"ஏன் சொல்லல்ல?"

"யாரும் கேக்கல்லியே" என்றாள். "புஸ்தகத்த வச்சிட்டு சத்தம் போடாம இருங்கன்னுதான் டீச்சர் சொல்லுவாங்க. நான் இருந்தேன்." பிறகு என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அம்மைக்கிட்ட சொல்லிராதிங்க."

நான் சொல்லமாட்டேன், வாசிக்கப் படித்த பிறகு நீயே சொல்லிக்கொள் என்றேன். அவள் சரி என்றாள்.

பாருங்கள், ஏணி இரண்டும் தலைகீழ். கணக்கில் உச்சியில் இருக்க வேண்டியவள் அடியில், வாசிப்பில் அடியில் இருக்க வேண்டியவள் உச்சியில். தெர்மகோல் மயில் மட்டும் சரியான இடத்தில் இருந்தது.

மறுநாள் எங்கள் பள்ளியில் மாதிரி வகுப்பு. வட்டாரக் கல்வி ஆபீஸிலிருந்து அதிகாரி வருகிறார், கேமரா வருகிறது, பெற்றோர்கள் வருகிறார்கள். ஜெனிஷாதான் வாசித்துக் காட்டப் போகிறாள் என்று பிரீதா டீச்சர் எப்போதோ முடிவு செய்து, அவள் அம்மைக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டாள். அந்த அம்மாள் அண்டியாபீஸில் லீவு கேட்டு வாங்கியிருந்தாள். சாயங்காலம் பிரீதா டீச்சரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு மூக்கைச் சிந்தி அழுதாள். அதன் பிறகு சொன்னாளே ஒரு வார்த்தை.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் டீச்சர். நண்டுப் புஸ்தகத்தையே கையில குடுக்கேன், அவ சொல்லிருவா. மத்தது பிறவு பாத்துக்கிடலாம்."

அந்த 'பிறகு' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கைதட்டு வாங்கின பிள்ளையை மறுநாள் யாரும் அ ஆ படிக்க உட்கார வைப்பதில்லை. வைத்தால் கைதட்டினவர்களுக்குக் கேவலம். ஐந்தாம் வகுப்புவரை அப்படியே தள்ளிவிடுவார்கள். ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஒரு சார் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லுவார், அன்றைக்கு அந்தப் பிள்ளை தனியாக நிற்கும். அதனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வாசிப்பு வேண்டாம், ஜெனிஷா வாய்க் கணக்குச் செய்து காட்டட்டும், வாசிப்பதற்கு வேறு பிள்ளையை நிறுத்து என்று.

சரி என்று தலையாட்டினாள். ஆனால் ஏணியிலிருந்து அந்தக் கிளிப்பைக் கழற்ற அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதிகாரி வந்தார். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் நின்று பிள்ளைகளைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். முதல் வரிசையில் ஜெனிஷாவின் அம்மை, சபைக்குப் போகிற வெள்ளைச் சேலையில். கறுத்த விரல்கள் வெளியே தெரியாதபடி கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நம்முடைய அதிகாரி சுவரோரம் நடந்துபோய், ஏணியின் உச்சியில் இருந்த கிளிப்பை எடுத்துப் பெயரைப் படித்தார். யார் இந்த ஜெனிஷா என்று கேட்டார். பிள்ளை எழுந்து நின்றது. அவர் பையிலிருந்து புத்தம் புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். தயார் செய்து வைத்த புத்தகமெல்லாம் தன்னிடம் நடக்காது என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. கேமராக்காரர் அருகே வந்தார்.

பிள்ளை என்னைப் பார்த்தது. அம்மையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லித்தரமாட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லலாம், அவர் தண்ணீர் வரவழைத்துக் காத்திருப்பார். இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, தப்பு எங்களுடையது என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் எனக்கு யோக்கியப் பட்டம் கிடைக்கும். லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாளுக்கும், நாற்பது பிள்ளைகள் நடுவே நிற்கிற இந்தப் பிள்ளைக்கும் என்ன கிடைக்கும்? என் யோக்கியத்துக்கு அந்தப் பிள்ளை எதற்கு விலை கொடுக்க வேண்டும்?

நான் எழுந்து, எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு சார் என்றேன். புதுப் புத்தகம் வந்தால், கொண்டுவந்தவர் முதல் பக்கத்தைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் பிள்ளை வாசிக்கும். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அந்த நிமிஷம் பிறந்தது அது.

கேமரா தன் பக்கம் திரும்பியதும் அவருக்கு முகமெல்லாம் பல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசிப்பா அது! சுற்றறிக்கை படிக்கிற குரல். மூன்றாவது வரியில் தடுக்கி, ஒரு இருமல் இருமி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தைப் பிள்ளையிடம் நீட்டினார்.

ஜெனிஷா புத்தகத்தை வாங்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். மூன்றாவது வரி வந்தது. அவரைப் போலவே நிறுத்தினாள். அவர் இருமிய இடத்தில் ஒரு சின்ன இருமல். அந்த வரியை மறுபடி முதலிலிருந்து.

தன்னுடைய தடுக்கலையும் தன்னுடைய இருமலையும் ஒருத்தி தன் முன்னாலேயே திருப்பிக் காட்டுகிறாள், மனுஷனுக்கு உறைக்கவில்லை. முதல் ஆளாகக் கைதட்டினார். வாசிப்புத் திறன், சரளம், தன்னம்பிக்கை என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எங்கள் பள்ளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பிறகு வீடியோவில் அவர் வாசித்த பகுதியை, நன்றாக இல்லை என்று அவர்களே வெட்டிவிட்டு, பிள்ளை வாசித்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதைத்தான் இன்றைக்கும் உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். தன்னைத்தானே திருத்திக்கொள்கிறாளாம். அடுத்த தடவை அந்தப் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். வரி முடிந்தும் கண் நகராது.

நான் செய்தது தில்லுமுல்லுதான். இன்னொரு தடவை வந்தாலும் அதையே செய்வேன். ஆனால் அது ஐந்து நிமிஷத்துக்கு உள்ள காரியம். மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, அந்த இரண்டு ஏணியையும் கிழித்துப் போட்டது. இரண்டாவது, ரோஜா ஜாடியை ஆபீஸ் அலமாரிக்கு மேல் ஏற்றினது. ஸ்டூலைப் பிரீதா டீச்சர் கையில் கொடுத்து, பேசாமல் உட்கார், உட்கார்ந்து கேள் என்றேன்.

இந்த இடத்தில் பிரீதா டீச்சரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தாள். தினமும் உட்கார்ந்தாள். கதைப் புத்தகம் எதைக் கொடுத்தாலும் ஜெனிஷா காதால் பிடித்துக்கொள்ளுவாள் என்பதால், புத்தகமே வேண்டாம் என்று வைத்தோம். கணக்குச் சொல்லுவதென்றால் அவளுக்கு உயிர். அவளையே ஒரு கணக்குச் சொல்லச் சொல்லி, அவள் சொன்னதைச் சொன்னபடியே பிரீதா டீச்சர் எழுதுவாள். அப்படி எழுதின அட்டைகளைக் கலைத்துப்போட்டு, பஸ் கணக்கு எது, நண்டுக் கணக்கு எது என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். நாலு அட்டையிலும் பஸ்தான், ஊரும் எண்ணும் மட்டும் வேறு என்றால் மனப்பாடம் உதவாது. எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். முதலில் அழுதாள், அட்டையை விட்டெறிந்தாள். கைதட்டு வாங்கிப் பழகின பிள்ளைக்குத் திக்கித் திணறுவது லேசான காரியமா? எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது. பிரீதா டீச்சர் விடவில்லை. அந்த வகுப்பில் அப்புறம் சத்தமும் வந்தது. வந்து பார்த்த ஒரு கருத்தாளர், முன்பு இருந்த ஒழுங்கு இப்போது இல்லையே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

வருஷக் கடைசியில் பெற்றோர் கூட்டம். ஜெனிஷாவின் அம்மை அண்டியாபீஸ் விட்டு நேரே வந்திருந்தாள். பிள்ளை புத்தக அலமாரியில் இதுவரை எடுக்காத ஒரு புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தது. ஒரு வரி முடிக்கப் பாடாய்ப் பட்டது. அம்மையின் முகம் வாடிப்போயிற்று. என் பக்கம் திரும்பினாள்.

"என்ன டீச்சர் இது? அண்ணைக்கு அந்த ஆபீசர் முன்னால எப்பிடி மழ பெஞ்சது போல வாசிச்சா. இப்பம் ஏன் இப்பிடித் தடுமாறுகா? பிள்ளையக் கெடுத்துப் போட்டியளே."

நான் வாயைத் திறப்பதற்குள், புத்தகத்திலிருந்து விரலை எடுக்காமல் ஜெனிஷா சொன்னாள்.

"அண்ணைக்கு அந்த சாரு சொன்னதச் சொன்னேன்மா. எனக்கு அப்பம் வாசிக்கத் தெரியாது. இதாக்கும் நான் வாசிக்கது."

அந்த அம்மாள் பிள்ளையைப் பார்த்தாள், பிரீதா டீச்சரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிரீதா டீச்சர் ஸ்டூலை விட்டு எழுந்து அதை அவள் பக்கம் நகர்த்தினாள். ஒருத்தரும் சொல்லாமலே அந்த அம்மாள் அதை இழுத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, பிள்ளையின் விரலுக்குப் பக்கத்தில் தன் கறுத்த விரலையும் வைத்தாள்.

"பைய வாசி மக்ளே" என்றாள். "நான் இருக்கேன்."

அன்றைக்கு யாரும் கேமரா கொண்டுவரவில்லை.